இரண்டாம் தடவை கேட்காத ஊர்

நீராவிக்காரர் என்று சொன்னால்தான் அந்த ஆஸ்பத்திரியில் அவரை யாருக்கும் தெரியும். அறுவை அறைக்குப் போகிற கத்தரி, இடுக்கி, தட்டு, துணி எல்லாவற்றையும் கொதிநீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் இயந்திரம் அவர் பொறுப்பு. இயந்திரத்துக்கும் அவருக்கும் குணம் ஒன்று என்று நர்சுகள் கேலி செய்வார்கள். இரண்டும் சூடாக நேரம் பிடிக்கும், சூடாகிவிட்டால் கிட்டே போக முடியாது. அவர் மனைவிக்கும் அதே அறையில்தான் வேலை. கழுவிக் காயவைத்த கருவிகளை, டாக்டர் கேட்கப்போகிற வரிசையில் அடுக்கி, துணியில் பொதிந்து, நாடா ஒட்டிக் கட்டுவது. அதனால் அவரைக் கட்டுக்காரம்மா என்பார்கள். வேலையில் சேர்ந்ததில் அவரே மூத்தவர். நீராவிக்காரர் பின்னால் வந்து சேர்ந்து, கட்டுக்காரம்மாவிடம் வேலை கற்று, கற்றுக்கொண்ட கையோடு கல்யாணமும் செய்துகொண்டவர்.

கதைக்குப் போகும் முன் அவர்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டில் ‘வேண்டாம்’ என்பது பதில் அல்ல, மரியாதை. யாராவது வந்தால், "காபி சாப்பிடறீங்களா?" என்று கேட்பார்கள். வந்தவர், "ஐயய்யோ, இப்பதான் குடிச்சிட்டு வர்றேன், வேண்டாம்" என்பார். அது பச்சைப்பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மறுபடியும் கேட்பார்கள். "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்பார். அதற்குள் பால் அடுப்பில் ஏறியிருக்கும். "அரை டம்ளராவது குடிங்க" என்று மூன்றாவது தடவை கேட்டதும், "சரி, நீங்க இவ்வளவு தூரம் சொல்றீங்க" என்று முழு டம்ளரையும் வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்த டம்ளருக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். முதல் கேள்விக்கே "கொண்டாங்க" என்று கையை நீட்டிய மைத்துனன் ஒருவன் உண்டு. அவன் தலை நரைத்த பிறகும் குடும்பத்தில் அவனுக்குப் பறக்காவெட்டி என்றுதான் பெயர்.

ஆஸ்பத்திரிக்குப் புது இயந்திரம் வாங்கினார்கள். பழையதில் கைப்பிடியைத் திருகினால் போதும். இது திரை, பொத்தான், எச்சரிக்கை மணி என்று விமானம் மாதிரி இருக்கும் என்றார்கள். ஓட்டக் கற்றுக்கொள்ள யாராவது ஒருவர் வெளிநாட்டு நகரம் ஒன்றுக்குப் போய் மூன்று வாரம் படித்துவர வேண்டும். படித்துவிட்டு வருகிறவரே பிரிவுக்குத் தலைமை. பெரிய டாக்டர் கையில் கோப்போடு அறைக்குள் வந்தார். எல்லோர் முன்னாலும் கட்டுக்காரம்மாவைத்தான் கேட்டார்.

"நீங்கதாம்மா சீனியர். போயிட்டு வர்றீங்களா?"

கட்டுக்காரம்மாவின் கை அப்படியே நின்றது. முகம் ஒரு கணம் மலர்ந்ததைப் பார்க்காதவர்கள் பாவிகள். அடுத்த கணமே குனிந்துகொண்டு, "ஐயோ, நான் எதுக்கு சார்? வேண்டாம். அவரு போகட்டும்" என்றார். சொல்லிவிட்டுத் துணியின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே நின்றார்.

அவர் எதற்காக நின்றார் என்று உங்களுக்கும் எனக்கும் தெரிகிறது. புது இயந்திரத்தின் விளக்கப் புத்தகம் வந்த நாளிலிருந்து அது கட்டுக்காரம்மாவின் மேசையை விட்டு நகரவில்லை. மத்தியானம் ஒரு கையால் சாப்பிட்டு மறுகையால் பக்கம் புரட்டுவார். போதாததற்கு எப்போதோ ‘சும்மா இருக்கட்டும்’ என்று பாஸ்போர்ட் வேறு எடுத்து அலமாரியில் வைத்திருந்தார். பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குக்கூட லீவு கிடைக்காத பெண்பிள்ளை எதற்குச் சும்மா பாஸ்போர்ட் எடுக்கிறாள் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

பெரிய டாக்டர் அவசரக்காரர், அவரை விடுங்கள். இரண்டாம் தடவை கேட்க வேண்டிய பொறுப்பு அந்த அறையில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. "ஏம்மா, நீயே போயிட்டு வாயேன்" என்று ஒரு வார்த்தை. அந்த ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி சார், நான் போறேன்" என்றார். மைத்துனன்கூட அவ்வளவு வேகமாகக் காபி வாங்கியதில்லை.

கட்டுக்காரம்மா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நீராவிக்காரர் பிழைத்திருப்பார், சண்டையில் அவருக்குப் பழக்கம் உண்டு. கட்டுக்காரம்மா பெட்டி அடுக்கினார். அறுவைத் தட்டை அடுக்குவது போலவே எடுக்கிற வரிசையில், முதல் நாள் சட்டை மேலே, அதன் கீழே முதல் நாள் உள்ளாடை, துண்டு, சீப்பு. ஒவ்வொன்றையும் பொதியாக மடித்து ஆஸ்பத்திரி நாடாவை ஒட்டினார். நீராவி பட்டால் கோடு கறுக்கிற நாடா அது. எல்லாம் கச்சிதமாக இருந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது.

கிளம்புகிற அன்று காலையில், "வழிக்கு ஏதாவது கட்டித் தரட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம், உனக்கு எதுக்குச் சிரமம்?" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு நீராவிக்காரர் ஷூ கயிற்றைக் கட்ட உட்கார்ந்தார். கட்டி முடித்தார். அவிழ்த்து மறுபடியும் கட்டினார். இரண்டாவது கேள்வி வருகிற வழியாக இல்லை. நிமிர்ந்து பார்த்தால் மனைவி வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"டாக்சி வந்திருச்சு" என்றார்.

விமானத்தில் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பெண், "சாப்பாடு வேணுமா?" என்று கேட்டாள். நீராவிக்காரர் கூச்சத்தோடு, "வேண்டாம்" என்றார். வண்டி அடுத்த வரிசைக்குப் போய்விட்டது. திரும்பி வரும், அப்போது கேட்பாள் என்று காத்திருந்தார். வண்டி திரும்பி வந்தபோது காலித்தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தது. சின்னப்பெண், முறை தெரியவில்லை என்று மன்னித்துவிட்டுப் பசியோடு தூங்கினார்.

இறங்கிய இடத்தில் அவருடைய ஆஸ்பத்திரியின் பெயரெழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள் நின்றிருந்தார். படிப்பை நடத்துகிற நிலையத்தின் ஒருங்கிணைப்பாளர். நெடுநெடுவென்ற உயரம், வாயெல்லாம் சிரிப்பு. இரண்டு பேருக்கும் தாய்மொழியல்லாத ஒரு பொதுமொழியில் பேச்சு நடந்தது. நீராவிக்காரருக்கு அதில் இயந்திரத்தோடும் மேலதிகாரிகளோடும் பேசுகிற அளவுக்குப் பழக்கம் இருந்ததால் புரிவதில் ஒரு குறையும் இல்லை. குறை வேறிடத்தில் இருந்தது.

"பசிக்குமே, ஏதாவது சாப்பிட்டுட்டுப் போகலாமா?" என்றார் அந்த அம்மாள்.

"வேண்டாம்."

"சரி."

நீராவிக்காரர் காத்திருந்தார். அந்த அம்மாள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். "வெளியில குளிரு. கோட்டு கொண்டு வரலியா? என் கார்ல ஒண்ணு சும்மாதான் கிடக்கு. வேணுமா?"

பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. இருந்தாலும் வளர்ப்பு விடவில்லை. "பரவாயில்ல, வேண்டாம்."

"சரி. கார்லயே கொண்டுபோய் விடட்டுமா, இல்ல பஸ்ல போயிடுவீங்களா?"

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

"ரொம்ப நல்லதாப் போச்சு!" என்று அந்த அம்மாள் மனசாரச் சொல்லி, பஸ் நிறுத்தத்தைக் கைகாட்டி, வரைபடத்தைக் கையில் திணித்து, கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். கார் வளைவில் மறைகிறவரை நீராவிக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு அன்பாக ஒரு மனிதனை நடுத்தெருவில் விட முடியும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

தங்குவதற்கு ஒரு வீட்டில் மாடியறை ஏற்பாடாகியிருந்தது. வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். டிரைவர், டிரைவரம்மா, இரண்டே பேர். கதவைத் திறந்ததுமே சூப் வாசனை வந்து நீராவிக்காரரின் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தது. அடுப்பில் பானை, பக்கத்தில் பெரிய ரொட்டி.

"சூப் குடிக்கறீங்களா?" என்றார் டிரைவரம்மா.

காலையிலிருந்து பட்டதெல்லாம் போதாதா, வாயைத் திறந்து ‘கொடுங்கள்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தார். பறக்காவெட்டி மைத்துனன் முகம் கண்முன் வந்தது. புது இடம், முதல் நாள், பொம்பளை கேட்கிறார். "வேண்டாம்மா" என்று நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. டிரைவரம்மா பானையை மூடினார். மூடி விழுந்த சத்தம் நீராவிக்காரரின் வயிற்றுக்குள் போய்க் கேட்டது.

அறையைக் காட்டினார்கள். "ஹீட்டர் போடட்டுமா?" வேண்டாம். "இன்னொரு கம்பளி?" வேண்டாம். "தலையணை ஒண்ணு போதுமா?"

"ஒண்ணே எனக்கு அதிகம்" என்றார் நீராவிக்காரர் அடக்கமாக.

டிரைவரம்மா தலையை ஆட்டிவிட்டு அந்த ஒன்றையும் எடுத்துக்கொண்டு கீழே போனார்.

மறுநாள் வகுப்பில் ஒரு நாற்காலி குறைந்தது. ஒருங்கிணைப்பாளர், "பக்கத்து அறையிலேர்ந்து ஒண்ணு கொண்டு வரட்டுமா?" என்று கேட்டார். "பரவாயில்ல" என்றவர் மத்தியானம் வரைக்கும் சுவரோரம் நின்றே படித்தார். அதற்கடுத்த நாள் அவருக்கென்று நின்றபடி எழுதுகிற உயரத்தில் ஒரு மேசை வந்திருந்தது. நாற்காலி வரவில்லை. டிரைவரம்மாவும் ஒருங்கிணைப்பாளரும் போனில் பேசிக்கொண்டதில் ஊருக்குள் செய்தி பரவிவிட்டது. சாப்பிடுவதில்லையாம், குளிர் தெரியாதாம், தலையணை வைப்பதில்லையாம், உட்காருவதுகூடக் கிடையாதாம். பயிற்சிக்கு வந்தவர்கள் அவர் வரும்போது பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள். குண்டாக ஒருவர் தாழ்வாரத்தில் மறித்து, சர்க்கரையை எப்படி விடுவது என்று ஆலோசனை கேட்டார். நீராவிக்காரருக்கு அந்த நேரத்தில் ஒரு வாய் சர்க்கரை கிடைத்தால் போதும் என்றிருந்தது.

மூலைக்கடையில் ரொட்டியும் பிஸ்கட்டும் வாங்கத்தான் செய்தார். ஆனால் எதுவும் உண்ணாத மகான் என்று பெயர் வாங்கிவிட்ட பிறகு எல்லோர் முன்னாலும் பிஸ்கட் தின்றால் என்ன ஆகும்? கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, சத்தம் வராமல் ஊறவைத்துத் தின்றார். உள்ளூர் வானொலியிலிருந்து ஒரு பெண் வந்து, தேவைகள் இல்லாத வாழ்க்கையைப் பற்றிப் பேச முடியுமா என்று கேட்டாள். "ஐயோ, நான் எதுக்கு? வேண்டாம்" என்று அலறினார். "சரி" என்று போய்விட்டாள். அந்த ஊரில் அந்த வார்த்தை அவருக்கு உதவியது அந்த ஒருமுறைதான்.

இதையெல்லாம் சிரித்துவிட்டு விடலாம். படிப்பும் இப்படியே போனதுதான் வயிற்றெரிச்சல். பயிற்சியாளர் புது இயந்திரத்தின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "நீங்க ஓட்டிப் பாக்கறீங்களா?" என்பார். "மத்தவங்க பாக்கட்டும்" என்பார் இவர். மற்றவர்கள் பார்த்தார்கள். முதல் வாரம் முடியும்போது வகுப்பில் எல்லோரும் இயந்திரத்தைத் தொட்டாகிவிட்டது, இவர் மட்டும் அதைச் சுவரோரம் நின்று தரிசனம் செய்துகொண்டிருந்தார். மனைவியின் இடத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர், அந்த இடத்தில் நின்றுகொண்டு ஒன்றும் கற்காமல் திரும்பப் போகிறார்.

பொறுக்க முடியாமல் வீட்டுக்குப் போன் போட்டார்.

"சாப்பிட்டீங்களா?" என்றார் கட்டுக்காரம்மா.

"எங்க சாப்பிடறது? பட்டினியாக் கிடக்கறேன்."

"ஏன், அங்க சோறு தண்ணி கெடையாதா?"

"எல்லாம் இருக்கு. பானை நிறைய இருக்கு. கேக்கறாங்க, வேண்டாம்ங்கறேன். அதோட விட்டுடறாங்க! ரெண்டாவது தடவ கேக்கவே மாட்டேங்கறாங்க. என்ன ஜனங்களோ, மனுஷன் ஒரு மரியாதைக்கு வேண்டாம்னா, அதை அப்படியே எடுத்துக்கறதா? மனசுல என்ன இருக்குன்னு பாக்க வேண்டாமா?"

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றார் கட்டுக்காரம்மா மெதுவாக. "அப்படியும் மனுஷங்க இருக்காங்கதான்." போனை வைத்துவிட்டார்.

நீராவிக்காரருக்குப் புரிந்தது. புரிந்ததைப் புரியாததுபோல மடித்து வைப்பதில் அவருக்குப் பல வருஷப் பழக்கம். ‘என்ன பேச்சு பேசறா பாரு’ என்று கொஞ்சம் கோபப்பட்டுப் பார்த்தார். வெறும் வயிற்றில் கோபம் நிற்கவில்லை. நேராகக் கீழே இறங்கிப் போய், கூச்சத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, டிரைவரிடம் விஷயத்தை உடைத்தார்.

"ஐயா, எங்க பக்கத்துல முதல் வேண்டாம் கணக்கில்ல. மூணு தடவ கேக்கணும்."

டிரைவர் வாழ்நாளெல்லாம் கால அட்டவணைப்படி பஸ் ஓட்டியவர். விதி என்று ஒன்றைக் காதில் போட்டுவிட்டால் பிறகு அவரை அசைக்க முடியாது. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!" என்று மனைவிக்குச் சொன்னார், ஒருங்கிணைப்பாளருக்கும் போன் செய்து சொன்னார். அன்று மாலை டிரைவரம்மா, "சூப் வேணுமா?" என்றார்.

"வேணும்" என்றார் நீராவிக்காரர். இனிமேல் முறையாவது மண்ணாங்கட்டியாவது.

"வேணுமா?"

"வேணும்மா!"

டிரைவரம்மா கணவரைப் பார்த்தார். டிரைவர் விரலைக் காட்டி இன்னும் ஒன்று இருக்கிறது என்றார். "வேணுமா?"

நீராவிக்காரர் இரண்டு கையையும் ஏந்தினார். சூப் ஆறித்தான் போயிருந்தது. ஆறிப்போன சூப்புக்கு அப்படி ஒரு ருசி உண்டென்று அதுவரை அவருக்குத் தெரியாது.

ஹீட்டர் வந்தது, தலையணை வந்தது, எல்லாம் மூன்று தடவை கேட்கப்பட்டு வந்தன. டிரைவரின் கோட்டு இவருக்குத் தரையைப் பெருக்கியதால் டிரைவரம்மாவின் பழைய கோட்டைக் கொடுத்தார்கள். இடுப்பில் வளைவு, கழுத்தில் பெரிய பொத்தான், பொம்பளைக் கோட்டுதான். டிரைவரம்மா அந்தக் கோலத்தில் அவரைப் படமெடுத்துக் கொடுக்க, படத்தை மனைவிக்கு அனுப்பிவிட்டு, அதே கோட்டோடு வகுப்புக்குப் போனார். மகான் என்பதால் யாரும் சிரிக்கவில்லை. வகுப்பிலும் மூன்று தடவை கேட்டார்கள். பயிற்சியாளர், "ஓட்டிப் பாக்கறீங்களா?" என்று கேட்க, இவர் ஆமாம் என்று சொல்லச் சொல்ல, இன்னும் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் இயந்திரத்தின் பக்கத்தில் விட்டார். ஒருநாள் தீ விபத்து ஒத்திகை. மணி காதைப் பிளக்கிறது, எல்லோரும் வெளியே ஓடியாகிவிட்டது. ஒருங்கிணைப்பாளர் மட்டும் மாடிப்படியை அடைத்துக்கொண்டு நின்று, "வெளியே வர்றீங்களா? வர்றீங்களா? வர்றீங்களா?" என்று கடமை தவறாமல் கேட்டு முடித்த பிறகுதான் வழிவிட்டார்.

நல்லவர்கள். நீராவிக்காரருக்கு அவர்கள்மேல் வந்த கோபமெல்லாம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அந்தக் கோபம் போன இடத்தில் வேறொன்று வந்து உட்காரப் பார்த்தது. அதற்கு இடம் கொடுக்காமல் அவர் இயந்திரத்தின் பொத்தான்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

விடுமுறை நாளில் டிரைவர் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போவது வழக்கம். தனியாகத்தான் போவார். அன்று வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தவருக்குப் புதுவிதியைப் பழகிப் பார்க்கத் தோன்றியது போலிருக்கிறது. சமையலறைப் பக்கம் திரும்பி, "நீயும் வர்றியா?" என்று மனைவியைக் கேட்டார்.

"வேணாம், வேலை கிடக்கு."

"வர்றியா?"

"என்ன விளையாட்டு இது? வேணாம்னேனே."

"வர்றியா?" என்றார் டிரைவர், பஸ்ஸில் நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிற குரலில்.

டிரைவரம்மா கரண்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அடுப்பை அணைத்தார். கரண்டியைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். தலையைத் துணியால் சுற்றிக்கொண்டு, கணவரை முந்திக்கொண்டு வாசலில் இறங்கினார். மத்தியானச் சாப்பாடு என்னாவது என்று நீராவிக்காரர் கேட்க வாயெடுப்பதற்குள் இரண்டு பேரும் தெருமுனையைத் தாண்டிவிட்டார்கள். பானையைத் திறந்து பார்த்தார். பச்சைத் தண்ணீரில் நாலு உருளைக்கிழங்கு கிடந்தது. பழையபடி பிஸ்கட்தான்.

சாயங்காலம் திரும்பியபோது டிரைவரம்மாவின் முகம் காற்றுப்பட்டுச் சிவந்து கிடந்தது. மீன் ஒன்றும் இல்லை. அதைப் பற்றி இரண்டு பேருக்கும் கவலையும் இல்லை. கிழங்கை உரித்துக்கொண்டே டிரைவரம்மா தானாகப் பேசினார்.

"கல்யாணமான புதுசுல ஒரு தடவ கேட்டாரு. அன்னிக்கு ஏதோ வேலை, வேணாம்னேன். அதுக்கப்புறம் கேக்கல."

"உங்க ஊர்லயுமா?" என்றார் நீராவிக்காரர். "போகணும்னு ஆசை இருந்துச்சாம்மா?"

"அப்ப இருந்துச்சு. அப்புறம் பழகிப்போச்சு."

சும்மாதான் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தார். நீராவிக்காரருக்கோ மாடியேறுகிற வரைக்கும்கூடத் தாங்கவில்லை. நடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். துணியின் ஓரத்தை நீவிக்கொண்டு நின்ற விரல் கண்ணுக்குள் வந்தது. தான் தொண்டையைச் செருமியது காதில் கேட்டது. வெட்கமாக இருந்தது. அவருக்குத் தெரியாமல் நடந்துபோன தப்பு அல்ல அது. பாஸ்போர்ட்டைப் பார்த்திருந்தார், புத்தகத்தைப் பார்த்திருந்தார், மலர்ந்த முகத்தையும் பார்த்திருந்தார். எல்லாம் தெரிந்துதான் இரண்டாம் தடவை கேட்காமல் விட்டார், கேட்டால் அவள் சரி என்று சொல்லிவிடுவாள் என்பதற்காகவே.

மறுநாள் வகுப்பில் பயிற்சியாளர் வருவதற்கு முன், நீராவிக்காரர் பொம்பளைக் கோட்டோடு ஒருங்கிணைப்பாளரின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"எனக்கு ஒண்ணு வேணும்" என்றார்.

ஒன்றுமே தேவைப்படாத மனிதர் வாய்விட்டுக் கேட்கிறார். சர்க்கரைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அடுத்த படிப்புல ஒரு இடம் வேணும். எனக்கில்ல, என் மனைவிக்கு. கருவி கட்டறதுல எனக்கே சொல்லிக் குடுத்தவ. அவதான் முதல்ல வந்திருக்கணும். நான் குறுக்க பூந்துட்டேன்." கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

ஒருங்கிணைப்பாளர் கணினியில் எதையோ தேடினார். பிறகு வழக்கமான சிரிப்பு. "உங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு இடந்தான் இருந்துச்சு. அது போன வாரமே போயிருச்சே. அங்கேர்ந்து ஒரு அம்மா கேட்டு வாங்கிட்டாங்க." திரையைத் திருப்பிக் காட்டினார். அதில் பாஸ்போர்ட் படத்தில் கட்டுக்காரம்மா, சும்மா எடுத்துவைத்த அந்தப் படத்தில், நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீராவிக்காரர் தாழ்வாரத்துக்கு ஓடிப்போய்ப் போன் போட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!"

"நீங்க கேக்கலியே" என்றார் கட்டுக்காரம்மா. பிறகு அவரே சொன்னார். "நீங்க அன்னிக்குப் போன்ல பொலம்புனீங்கல்ல? வெச்சுட்டு யோசிச்சேன். ரெண்டாவது தடவ கேக்காத ஊரே ஒண்ணு இருக்குன்னா, அங்க இருக்கறவங்க எப்படிப் பொழைக்கறாங்க? முதல்லயே வேணும்னு சொல்லித்தானே? மறுநாள் காலையில பெரிய டாக்டர்கிட்ட நேராப் போய், எனக்கும் போகணும் சார்னு சொன்னேன். சரிம்மான்னு சொல்லிட்டாருங்க! அவ்வளவுதான். இத்தனை வருஷம் இது தெரியாமப் போச்சே." சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு நீராவிக்காரருக்கு நெஞ்சிலிருந்த பாரம் பாதி இறங்கியது.

"நல்ல காரியம் செஞ்சே. அப்ப நான் கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

"ஏன் இல்ல? அன்னிக்கு டாக்டர் ஒரு தடவதான் கேட்டாரு. மீதி ரெண்டும் உங்களோடது."

"அதான் எல்லாம் முடிவாயிருச்சே. இப்ப எதுக்கு?"

"கேளுங்க."

வகுப்புக் கதவிடுக்கில் தலைகள் தெரிந்தன. நீராவிக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதுகூட இப்படி வேர்த்ததில்லை.

"நீ போயிட்டு வர்றியா?"

"ஐயோ, நான் எதுக்கு? வேண்டாம்" என்றார் கட்டுக்காரம்மா. குரலில் சிரிப்பு இருந்தது.

"நீயே போயிட்டு வாயேம்மா. நீ போகணும்" என்றார் நீராவிக்காரர்.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சரி" என்றார் கட்டுக்காரம்மா. "நீங்க இவ்வளவு தூரம் சொல்றீங்க."

நீராவிக்காரருக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது போலிருந்தது. அந்தச் சந்தோஷத்தில், அந்த மரியாதையில், யாராயிருந்தாலும் சொல்கிற மாதிரி அவரும் ஒரு வார்த்தை சொன்னார்.

"பிரிவுத் தலைமையையும் நீயே எடுத்துக்கயேன்."

சொல்லிவிட்டு, ‘ஐயோ வேண்டாங்க, அது உங்களோடது’ என்ற பதிலுக்காகக் காத்திருந்தார்.

"சரி" என்றார் கட்டுக்காரம்மா. "வரும்போது அந்தக் கோட்டை அங்கயே வெச்சிட்டு வாங்க. எனக்கு வேணும்."